சுண்டக் காய்ச்சிய ருசி

யாத்திரை போய் வந்தவர்களைக் கண்டதும் நாம் கேட்கும் முதற் கேள்வி, "தரிசனம் நன்றாக ஆயிற்றா?" என்பது. இரண்டாவது கேள்வி, "என்ன வாங்கிக்கொண்டு வந்தீர்கள்?" என்பது. முதற் கேள்விக்குப் பதில் வருவதற்குள்ளேயே இரண்டாவதைக் கேட்டுவிடும் குழந்தைகள் எல்லார் வீட்டிலும் உண்டு. தலை நரைத்த குழந்தைகளும் உண்டு. இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை. திருப்பதியென்றால் லட்டு, பழனியென்றால் பஞ்சாமிர்தம், திருநெல்வேலியென்றால் அல்வா என்று ஊரையும் ருசியையும் ஒரே முடிச்சாக முடிந்து வைத்திருப்பது நம்மவர் வழக்கம். ஓர் ஊரின் மண்ணும் தண்ணீரும், மாடும் மரமும், அங்குள்ள மனிதரின் கைப்பழக்கமும் ஒன்றுகூடி நமக்கு அறிமுகமாவது பெரும்பாலும் நாக்கின் மூலமாகத்தான்.

அந்த வகையில் நேயர்கள் ஒரு தடவையேனும் சென்று, பார்த்து, உண்டு வரவேண்டிய இரண்டு ஊர்கள் விருதுநகர் ஜில்லாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், அக்காள் தங்கையைப்போல் அருகருகே இருக்கின்றன. ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர், மற்றொன்று அதற்குத் தெற்கே சுமார் 11 கிலோ மீட்டரில் உள்ள ராஜபாளையம். விருதுநகரிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை செல்லும் ரயில் பாதையில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. சென்னையிலிருந்து இரவில் புறப்படும் பொதிகை விரைவு வண்டியில் ஏறினால் வண்டி மாறாமலே வந்து இறங்கலாம். மதுரையிலிருந்து பஸ்ஸில் வருவோருக்கு இரண்டு மணி நேரத்துப் பிரயாணம்.

இவ்வூர்களின் பண்டங்களைச் சற்று ஊன்றிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இங்கே பெயர் பெற்றவை யாவும் காத்திருந்து செய்தவை, அவசரப்பட்டால் கெட்டுப்போகிறவை. பால் சுண்டக் காத்திருக்க வேண்டும். பழம் கனியக் காத்திருக்க வேண்டும். பதநீர் சொட்டக் காத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமைக்கு உரிய விலையைக் கொடுக்க நாம் தயாராக இருக்கிறோமா என்பதே இக்காலத்தில் எழுந்துள்ள கேள்வி. அதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன். முதலில் இலையைப் போடுவோம்.

ஆயர்பாடியான ஊர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியவர்களுக்கு வழி சொல்ல ஆள் வேண்டியதில்லை. 11 நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட கோபுரமே கைகாட்டி மரமாக நிற்கிறது. தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் காண்பது இந்தக் கோபுரந்தான் என்று ஊரார் பெருமையோடு சொல்லுவார்கள். பெரியாழ்வாரும், அவர் துளசி வனத்தில் கண்டெடுத்து வளர்த்த ஆண்டாளும் வாழ்ந்த ஊர் இது. பன்னிரு ஆழ்வார்களில் இருவரைத் தந்த ஊர் என்றால் அதற்குமேல் பெருமை வேறு எதற்கு?

ஆண்டாள் பாவை நோன்பு நோற்றபோது, தான் பிறந்த இந்த ஊரையே கண்ணன் வளர்ந்த ஆயர்பாடியாகப் பாவித்தாள் என்று வைணவப் பெரியோர்கள் கூறுவார்கள். ஆயர்பாடி என்றால் பாலுக்கும் தயிருக்கும் வெண்ணெய்க்கும் பஞ்சம் ஏது? நோன்பு தொடங்கும்போது நெய்யையும் பாலையும் விலக்கிய பெண்கள், மார்கழி 27-ஆம் நாளில் நோன்பு முடிந்ததும், நெய் மிதக்கும் பால்சோற்றை எல்லாருமாகக் கூடியிருந்து உண்பதைத் திருப்பாவை சொல்லுகிறது. கூடாரவல்லி என்று நாம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். அன்று வைணவர் இல்லங்களிலெல்லாம் அக்கார அடிசில் மணக்கும்.

அக்கார அடிசிலைச் சர்க்கரைப் பொங்கலின் வேறு பெயர் என்று நினைக்கலாகாது. பொங்கலுக்குத் தண்ணீர் உண்டு. அடிசிலுக்குப் பாலே தண்ணீர். பச்சரிசியையும் கொஞ்சம் பாசிப் பருப்பையும் வறுத்து, பால் விட்டு, அது வற்ற வற்ற மேலும் பால் விட்டுக் குழைய வேகவைக்க வேண்டும். பிறகு வெல்லப் பாகு, நெய், ஏலம், முந்திரி. அடுப்பை விட்டு நகர முடியாது. ஒரு படி அரிசி எத்தனை படி பாலைக் குடிக்கும் என்பது அதைச் செய்து பார்த்த தாய்மார்களுக்குத்தான் தெரியும்.

அழகர் மலைப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டாள். தடா என்பது பெரிய பானை. அந்த நேர்த்திக் கடனைப் பிற்காலத்தில் ராமானுஜர் நிறைவேற்றினார் என்றும், அதன்பின் அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது ஆண்டாள் எதிர்கொண்டு, "அண்ணா!" என்று அழைத்தாள் என்றும் சம்பிரதாய வரலாறு கூறுகிறது. தங்கையின் சொல்லைத் தமையன் காப்பாற்றினான். பாலும் சோறும் அதற்குச் சாட்சி.

மார்கழி உற்சவத்தின் தொடக்கத்தில் இவ்வூரில் இன்னொரு வைபவம் உண்டு. பச்சை பரப்புதல் என்று அதற்குப் பெயர். ஆண்டாள் தன் பிறந்த வீட்டுக்கு, அதாவது பெரியாழ்வார் வம்சத்தாரின் இல்லத்துக்கு, எழுந்தருளுகிறாள். வந்த பெண்ணுக்குப் பிறந்தகத்தார் காய்கறிகளையெல்லாம் பரப்பி வைத்துச் சீர் செய்கிறார்கள். அப்போது நிவேதனமாகும் பண்டங்களில் திரட்டுப்பாலும் ஒன்று. கலியாணத்துக்கும் சீமந்தத்துக்கும் நம் வீடுகளில் திரட்டுப்பால் காய்ச்சுவது எவ்வளவு பழைய வழக்கம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். பாலைச் சுண்டவைத்துத் திரட்டுவது இந்த ஊருக்குப் புதிய வித்தை அன்று. வடக்கேயிருந்து வந்த கோவா என்ற சொல் அதன்மேல் ஏறிக்கொண்டு, வீட்டுப் பண்டம் கடைப் பண்டமாயிற்று.

வாணலியின் முன்னே

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் பால்கோவாக் கடை இல்லாத பக்கத்தைக் காண்பது அரிது. அவற்றில் சில கடைகளில் பின்கட்டில் அடுப்பெரியும். கேட்டால் உள்ளே அழைத்துக் காட்டுவார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. பாடப் புத்தகத்தில் ஆவியாதல் என்று நான் மணிக்கணக்காக விளக்குவதை அந்த வாணலி முக்கால் மணி நேரத்தில் விளக்கிவிடும்.

அகன்ற வாணலியில் சுமார் 10 லிட்டர் பசும்பாலை ஊற்றுகிறார்கள். கீழே விறகுத் தீ. நின்று எரியும் என்பதால் புளிய விறகை விரும்புகிறவர்கள் உண்டு. பால் பொங்கத் தொடங்கியதும் நீண்ட காம்புள்ள துடுப்பால் கிண்ட ஆரம்பிக்கிறார் பக்குவம் செய்பவர். அதன் பிறகு கையை எடுப்பது என்ற பேச்சே இல்லை. ஒரு நிமிஷம் அயர்ந்தால் அடி பிடிக்கும். அடி பிடித்தால் பத்து லிட்டரும் வீண். பால் வற்றிக் குழம்பாகும் சமயம் பார்த்துச் சர்க்கரை சேருகிறது. பாலின் இனிப்பும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று கலந்து மாறுவதால் வெண்மை மங்கிச் சந்தன நிறம் தட்டுகிறது. அந்த மணமும் அப்போதுதான் பிறக்கிறது. ஓரங்களில் நெய் கசியத் தொடங்கும்போது வாணலியை இறக்கிவிடுகிறார்கள்.

"பெரிய அண்டாவில் ஒரே தடவையாக நூறு லிட்டர் காய்ச்சினால் வேலை மிச்சந்தானே?" என்று யுக்திக்காரர்கள் கேட்கலாம். பால் அதிகமானால் சுண்டும் நேரமும் அதிகமாகும். நேரம் நீண்டால் நிறம் கறுக்கும், மணம் காந்தும். சிறு அளவில், நல்ல தீயில், ஒருவர் கண்ணும் கையும் விலகாமல் காய்ச்சும்போதுதான் வாயில் இட்டதும் கரையும் அந்த மெல்லிய குருணை அமைகிறது. ஆகவே இந்தப் பண்டத்தில் பாலுக்கும் சர்க்கரைக்கும் அடுத்தபடியாகச் சேரும் மூன்றாவது சரக்கு மனிதனின் தோள்வலி.

வாணலியிலிருந்து இறக்கிச் சூடு ஆறுமுன் ஒரு வாய் உண்டு பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக, பால் மணமும் லேசான புகை மணமுமாக, தொண்டையில் இறங்கும் அந்த ருசியை எந்தப் பெட்டியிலும் அடைத்து அனுப்ப முடியாது. ஊருக்கு வந்து உண்பதன் லாபம் இதுவே.

ஒரு சின்னக் கணக்கு

இனி, பின்னால் சொல்லுகிறேன் என்று நிறுத்திவைத்த விஷயத்துக்கு வருகிறேன். உபாத்தியாயரின் கட்டுரையில் ஒரு கணக்காவது இல்லாவிட்டால் எப்படி?

பசும்பாலில் 100-க்கு 87 பங்கு நீர். 10 லிட்டர் பாலிலிருந்து நீரைப் போக்கினால் மிஞ்சும் திடப்பொருள் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று அதிகம். அதனுடன் சர்க்கரை ஒன்றேகால் கிலோ. கொஞ்சம் ஈரப்பசையும் நிற்கும். ஆக, கிடைக்கும் பால்கோவா 3 முதல் 3½ கிலோ வரை. அதாவது, 1 கிலோ பால்கோவாவுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் பால் வேண்டும். இன்று உங்கள் ஊரில் 3 லிட்டர் நல்ல பால் என்ன விலை? அதனுடன் சர்க்கரை, விறகு, ஆள்கூலி, கடை வாடகை இவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தத் தொகைக்குக் குறைவாக ஒருவர் பால்கோவாவை விற்கிறார் என்றால் அவர் தருமம் செய்கிறார் என்று கொள்ளலாம். அல்லது அதில் பாலைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்று கொள்ளலாம். தருமவான்கள் அவ்வளவு பேர் ரயிலடிகளில் கூடை தூக்கிக்கொண்டு அலைவார்களா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

மைதா மாவும் வனஸ்பதியும் அதிகச் சர்க்கரையும் சேர்ந்தால் பால்கோவா போன்ற ஒன்றைச் செய்துவிடலாம். மாவு கலந்திருப்பதைக் கண்டுபிடிக்க வழி எளிது. துளி பண்டத்தைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, இரண்டு சொட்டு அயோடின் விடுங்கள். நீலம் பூத்தால் மாவு உண்டு. எங்கள் வகுப்பில் மாணவன் ஒருவன், பிரயாணத்தின்போது எங்கோ வழியில் வாங்கிய பொட்டலத்தைக் கொண்டுவந்தான். அயோடின் விட்டதும் கிண்ணம் மயில் கழுத்தாகிவிட்டது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். ஆனால் பொட்டலத்தின்மேல் "ஸ்ரீவில்லிபுத்தூர்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்தப் பெயருக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன. சுற்றுவட்டக் கிராமங்களில் இரண்டொரு மாடு வைத்துக்கொண்டு, விடியலிலும் பிற்பகலிலும் கறந்து, பால் சங்கத்துக்குக் கொண்டுபோய் ஊற்றி, அந்த வரும்படியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெண்மணிகள் எத்தனையோ பேர். மழை பொய்த்துப் புல் காய்ந்தாலும் மாட்டுக்குத் தீனி போட்டாக வேண்டும். போலிப் பண்டம் மலிந்தால் முதலில் அடிபடுவது இந்தத் தொழுவந்தான். 2019-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர்ப் பெயரைப் பிற ஊர்ச் சரக்கின்மேல் ஒட்டலாகாது என்பது அதன் பொருள். சட்டம் பெயரைக் காக்கும். பண்டத்தைக் காப்பது வாங்குகிறவரின் கையில் இருக்கிறது.

மாந்தோப்பு ஊர்

ராஜபாளையத்துக்குப் போவோம். விஜயநகர ஆட்சியின் காலத்துக்குப் பின் தெற்கே வந்து குடியேறிய ராஜுக்களின் ஊர் இது. சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாக 1949-இல் பதவியேற்ற பி. எஸ். குமாரசாமி ராஜா இவ்வூர்க்காரர். வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழுமாகப் பேசும் குடும்பங்களை இங்கே நிறையக் காணலாம். 1936-இல் ராஜபாளையம் மில் தோன்றியது முதல் நூல் ஆலைகள் பெருகின. ஆனால் பிரயாணி தேடவேண்டியது ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள மாந்தோப்புகளை.

சித்திரை பிறந்து ஆனி முடியும் வரையில் ராஜபாளையத்துக் கடைவீதி மாம்பழ வாசனையில் மிதக்கும். சப்பட்டை என்றும் பஞ்சவர்ணம் என்றும் இவ்வூருக்குச் சொந்தமான ஜாதிகள் உண்டு. ஒன்றின் பெயர் வடிவத்தைச் சொல்லுகிறது. மற்றொன்றின் பெயர் வர்ணத்தைச் சொல்லுகிறது. ருசியைச் சொல்ல இரண்டு பெயருக்கும் சக்தி இல்லை. பெரிய பட்டணங்களுக்கு லாரி லாரியாகப் போகும் பிரபல ஜாதிகளைப் போல் இவை எல்லா ஊர்க் கடைகளிலும் அகப்படுவதில்லை. ஆகையால் பருவத்தில் போகிறவர்கள் கூடையோடு வருவது நலம்.

இங்கும் அவசரமே பகை. முற்றிய காயைப் பறித்து, வைக்கோலில் பரப்பி, அது தானாகக் கனியும் வரையில் பொறுத்திருப்பது பழைய முறை. இரண்டே நாளில் மஞ்சளாக்க வேண்டும் என்ற ஆசையால் கார்பைடுக் கல்லை வைக்கிறார்கள். தோல் பழுக்கும், சதை பழுக்காது. இவ்வாறு பழுக்கவைத்த பழத்தை விற்கக் கூடாதென்று 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுத்திருக்கின்றன. பழத்தின் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். காம்பை முகர்ந்து பாருங்கள். கண்ணை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்றுவது கடினம்.

தாகத்துக்கு

கோடையில் இந்தச் சீமை நன்றாகக் காயும். அப்போது காப்பிக் கடையைத் தேடாமல் பனைமரத்தைத் தேடுவதே புத்தி. விடியற்காலையில் இறக்கிய பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, அதில் நுங்கையும் நசுக்கிப் போட்டுக் கொடுப்பார்கள். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் பதநீராக நிற்கிறது. வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும். பிற்பகலில் சாலையோரத்தில் கிடைக்கும் பதநீரைப் பற்றிச் சந்தேகப்படுவதற்கு நியாயம் உண்டு. மரமேறுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வரும்போது பதநீர் மட்டும் குறையாமல் இருப்பது எப்படி?

இந்தப் பதநீரையும் சுண்டக் காய்ச்சினால் கருப்பட்டியாகிறது. பால் எப்படிக் கோவாவாகிறதோ அப்படி. மாலையில் மலைக்காற்று இறங்கும் வேளையில், கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி ஒரு டம்ளர் உள்ளே சென்றால் பிரயாண அலுப்பு இருந்த இடம் தெரியாது. மதுரை வழியாக வருகிறவர்கள் அங்கே ஜிகர்தண்டாவையும் ஒரு கை பார்க்கலாம். சுண்டிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத்து இவற்றின் சேர்க்கை அது. அதிலும் பால் சுண்டியே ஆக வேண்டும் என்பதைக் கவனிக்க.

காரம் விரும்புகிறவர்களையும் மறக்கவில்லை. இரவு நேரத்துப் பரோட்டாக் கடை இப்பக்கத்து ஊர்களின் தனி உலகம். விருதுநகரில் பரோட்டாவை எண்ணெயிலே பொரித்து, சால்னா ஊற்றிக் கொடுப்பார்கள். கிழக்கே போனால் சாத்தூர்க் காராச்சேவு; இன்னும் தெற்கே போனால் 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய். இவ்விரண்டும் பல நாள் கெடாமல் இருப்பதால் ஊருக்கு எடுத்துச் செல்ல ஏற்றவை.

கடலுக்கு அப்பாலும் இதே கதை

இப்படி ஊரோடு ருசியைச் சேர்த்துப் போற்றுவது நமக்கு மட்டும் உரிய குணம் அன்று. மத்திய தரைக் கடலில் இத்தாலிக்குத் தெற்கே சிசிலி என்றொரு தீவு உண்டு. அங்கே செம்மறியாட்டுப் பாலின் திரைத்த நீரை மறுபடியும் காய்ச்சி ரிக்கோட்டா என்ற பால்கட்டியை எடுக்கிறார்கள். அந்தப் பெயருக்கே மறுபடி காய்ச்சியது என்றுதான் அர்த்தம். அதை இனிப்பாக்கி, பொரித்த மாவுக் குழலில் அடைத்தால் கன்னோலி. நல்ல கடைக்காரர் வாங்குகிறவர் வந்து நின்ற பிறகே குழலை நிரப்புவார். முன்னமே நிரப்பினால் மொறுமொறுப்புப் போய்விடும். அதே தீவில் மோதிக்கா என்ற ஊரின் சாக்கலேட்டு குறைந்த சூட்டில் செய்யப்படுவதால், சர்க்கரை கரையாமல் குருணை குருணையாக நாவில் தட்டுப்படும். 2018-இல் அதற்கும் ஐரோப்பியச் சட்டப்படி ஊர்ப் பெயர்க் காப்பு கிடைத்தது. நம் பால்கோவாவுக்கு ஓராண்டு மூத்தது. சிசிலிக்குப் போகிற பிரயாணி மோதிக்கா சாக்கலேட்டைத் தேடிப்போய் அதன் விலையைக் கொடுத்து வாங்குகிறான். நாமோ அக்கரைப் பண்டத்துக்குப் பேரம் பேசாமல் பணம் கொடுத்துவிட்டு, ஆண்டாள் ஊர்ப் பால்கோவாவுக்கு மட்டும் "கால் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறையாதா?" என்று வாதாடுகிறோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

பால்கோவாவை விரும்பிப் போகிறவர்கள் எந்த மாதத்திலும் போகலாம். மாம்பழமும் பதநீரும் வேண்டுமென்றால் வைகாசி உத்தமம். தேரோட்டம் காண ஆடிப்பூரம். அக்கார அடிசிலுக்கு மார்கழி. காலையில் கோயில், அதன்பின் வாணலி, பிற்பகலில் ராஜபாளையம் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டு ஊரையும் கண்டுவிடலாம்.

பால்கோவா வாங்கும்போது அன்று காய்ச்சியதா என்று கேளுங்கள். விரலிடையில் நசுக்கினால் குருணை மெத்தென்று உடைய வேண்டும். காகிதத்தில் நெய்க்கறை படிய வேண்டும். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தாலோ, பல்லில் சர்க்கரை நறநறவென்று கடிபட்டாலோ அடுத்த கடைக்கு நடங்கள். தேவைக்குமேல் வாங்கி வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். பால் பால்தான், எவ்வளவு சுண்டினாலும் அதற்கு ஆயுள் சொற்பம்.

விலையைக் கேட்டுத் தயக்கம் ஏற்பட்டால், 3 லிட்டர் பாலையும், அந்தப் பாலைக் கறந்த கையையும், துடுப்பைப் பிடித்த கையையும் நினைத்துக்கொள்ளுங்கள். நூறு தடா நேர்ந்துகொண்டவளின் ஊரில், உண்மையான பாலுக்கு உண்மையான விலை கொடுத்து அரைக் கிலோ வாங்குவது நமக்கு அப்படி ஒன்றும் பெரிய நேர்த்திக் கடன் அல்லவே!